தாய் செய்த பாபமா?



பிறந்து ஆறு மாதம் வரை கொழுகொழுவென்றிருந்த ஆண் பிள்ளை அதன் பிறகு ஓயாமல் காய்ச்சலில் விழுந்தால், நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது வைத்தியன் அல்ல, குற்றவாளியேயாகும். திருஷ்டி என்பார்கள், பூர்வ ஜன்மக் கர்மம் என்பார்கள், கடைசியில் பழி வந்து விடிவது பெற்றவள் தலையில்தான். ஆகவே இன்று நாம் அப்படிப்பட்ட வியாதி ஒன்றைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

1952-ம் வருஷத்தில் ஆக்டன் புரூட்டன் என்னும் அமெரிக்க ராணுவ டாக்டர், வால்ட்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் தாம் கண்ட 8 வயதுப் பையனைப் பற்றி எழுதி வெளியிட்டார். ரத்தத்தில் கிருமி பரவுவதும், மருந்தால் தணிவதும், மறுபடி வருவதுமாகவே அவன் காலம் கழிந்தது. டாக்டர் ஜாதகத்தைப் பார்க்கவில்லை, ரத்தத்தைப் பார்த்தார். அதிலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் கருவியில், காமா குளோபுலின் இருக்கவேண்டிய இடம் காலியாயிருந்தது. கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள்கள் அதில்தான் அடங்கியுள்ளன. பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த அப்பொருளை மாதாமாதம் ஊசியால் ஏற்றினார், பையன் தேறினான். (அந்தப் பிறர் என்ன ஜாதி என்று ஊசி கேட்கவில்லை.)

சரி, அது ஏன் இல்லாமற் போயிற்று? விடை கிடைக்க 41 வருஷம் பிடித்தது. எதிர்ப்புப் பொருளைச் செய்யும் பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து படிப்படியாய் வளர்கின்றன. ஒரு படியில் அணுவின் மேற்புறத்தில் ஓர் ஏற்பி முளைக்கிறது. அது முளைத்த சேதி உள்ளே எட்டினால்தான் அணு மேலே வளரும். அச்சேதியைக் கைமாற்றும் புரதங்களில் ஒன்றுக்குக் கோளாறு என்பதை 1993-ல் இரண்டு ஆராய்ச்சிக் கூட்டத்தார் தனித்தனியே கண்டார்கள். அதற்கு பி.டி.கே. என்று பெயர், முதலெழுத்து புரூட்டனுடையது. அது கெட்டால் சேதி போவதில்லை. அணு அங்கேயே தேங்கி மடிகிறது.

ஆறு மாதக் கணக்கும் இப்போது விளங்கும். தாயின் எதிர்ப்புப் பொருள் கர்ப்பத்திலேயே பிள்ளைக்கு வந்து சில மாதம் காக்கிறது. அது தீர்ந்த பிறகே காய்ச்சல். நாம் யாரைப் பழித்தோமோ அவளே அதுவரை காத்தவள்!

ஆண் பிள்ளைக்கு மட்டும் ஏன்? அப்புரதத்துக்குரிய ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது உதவும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. ஆணே உயர்ந்த பிறவி என்று எழுதிவைத்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ! கெட்ட பிரதியுள்ள தாய் தான் நோயின்றி இருப்பாள். பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி ஆபத்துண்டு. தாயிடத்தில் இல்லாமலே பிள்ளையிடத்தில் புதிதாய் ஏற்படுவதும் உண்டு. இதில் பாபம் எங்கே வந்தது?

எனவே, பிள்ளைக்கு நிமோனியாவும் காதுச் சீழும் திரும்பத் திரும்ப வருமானால், மந்திரிப்பவனுக்குக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் ஆயுள் முழுதும் அதை ஏற்றிக்கொள்ள வேண்டிவரும், செலவுதான். இந்நோயுள்ள பிள்ளைக்கு மட்டும் உயிருள்ள போலியோ சொட்டு ஆகாது என்பதையும், மற்றப் பிள்ளைகளுக்கு அதை நிறுத்தக்கூடாது என்பதையும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.