கடலில் நீந்தும் கலை
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் வாழும் இவ்வூரில் எத்திசையில் நடந்தாலும் சிறிது நேரத்தில் கடல் எதிர்ப்படுகிறது. நம் முன்னோரும் கப்பலேறிக் கடல் கடந்தே இங்கு வந்தனர். ஆயினும் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி நாம் கூறும் அறிவுரை, "அந்தப் பக்கம் போகாதே" என்பது ஒன்றுதான். தீவில் வளரும் பிள்ளைக்கு இச்சொல் போதிய காவல் ஆகுமா? கால் வழுக்கினாலும் படகு கவிழ்ந்தாலும் அவன் விழுவது கடலில்தான். ஆகவே, திறந்த கடலில் நீந்தக் கற்பிக்கும் பயிற்சி முகாம் ஒன்றை நம் சங்கம் நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"குளத்தில் நீந்தத் தெரிந்தால் கடலிலும் நீந்தலாமே" என்பர் சிலர். அது முழு உண்மையன்று. ஐம்பது மீட்டர் நீச்சல் குளத்தில் 1,500 மீட்டர் நீந்துபவன் இருபத்தொன்பது முறை சுவரை உதைத்துத் திரும்புகிறான். ஒவ்வொரு உதையும் அவன் கைகளுக்குச் சிறிது ஓய்வு. அடியில் வரைந்த கோடு அவனுக்கு வழி காட்டுகிறது. கடலிலோ சுவரும் இல்லை, கோடும் இல்லை. ஆழ்நீரில் முதலை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்று இடனறிதலை விளக்கினார் வள்ளுவர். நீச்சலுக்கும் அந்த இடனறிவே முதற்பாடம்.

முகாமில் கற்பிக்க வேண்டியவை யாவை? முதலாவது, திசை நோக்குதல். தலையை முழுதும் உயர்த்தினால் இடுப்பு தாழும், வேகம் குன்றும். எனவே முதலையைப் போல் கண்கள் மட்டும் நீர்மட்டத்திற்கு மேல் வருமாறு உயர்த்தி, கரையிலுள்ள குன்றையோ உயர்ந்த கட்டடத்தையோ நோக்கி, உடனே முகத்தைத் தாழ்த்திப் பக்கவாட்டில் மூச்செடுக்க வேண்டும். ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை இவ்வாறு நோக்கினால் வழி தவறாது.

இரண்டாவது, மூச்சு. நீருக்குள் மூச்சை விட்டுவிட வேண்டும். வெளியே வந்தபின் விடத் தொடங்கினால், உள்ளிழுக்க நேரம் இராது. இருபக்கமும் மூச்செடுக்கப் பழகியவன், அலை எப்பக்கம் மோதினாலும் மறுபக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு பக்கம் மட்டுமே பழகியவன் உப்பு நீரைக் குடிப்பான்.

மூன்றாவது, நம் மீனவர் நீவாடு என்று கூறும் நீரோட்டத்தை அறிதல். இங்கே கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. நீரோட்டம் குறுக்கே இழுக்குமானால், சேருமிடத்தை நேராக நோக்காது, ஓட்டம் வரும் பக்கம் சற்றே சாய்ந்து நீந்த வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கியவன் அதனை எதிர்த்துப் போராடலாகாது. கரைக்கு இணையாக நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரை சேர வேண்டும். இதனை அறியாமல் வலிமையுடையோரும் மாண்டிருக்கின்றனர்.

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி மீண்டும் திரும்பினார். மிகிர் சென் 1966இல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளை நீந்தி நிறுவிய சாதனையை, 1994இல் தமிழ்ச் சிறுவன் குற்றாலீசுவரன் ஆறாக்கி முறியடித்தான். பெண்களும் பின்தங்கவில்லை, 1959இல் ஆரத்தி சாகா ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். எனவே நம் பெண்பிள்ளைகளையும் முகாமுக்கு அனுப்புங்கள்.

ஆனால் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். கடலை வென்றவர் என்று எவரும் இலர். கடல் வழிவிட்டவர்களே உளர். ஆகையால் முகாமில் துணைப்படகு இன்றி எவரும் நீரில் இறங்கலாகாது. தனியே நீந்தலாகாது. உவர்நீர் முதலைகள் வாழும் கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் அணுகலாகாது. பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, கடல் அமைதியாயிருக்கும் சனவரி முதல் ஏப்பிரல் வரையிலான திங்கள்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அன்பர்களே! நாம் நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். அது அவர்கள் வந்த வழியை நினைவூட்டும். நீச்சலும் கற்பிப்போம், அது அவர்கள் வாழும் இடத்தில் அவர்களைக் காக்கும். இளைஞர்கள் ஆர்வத்தோடு இருக்கிறார்கள். படகுடையோர் படகு தாருங்கள். நீந்தத் தெரிந்தோர் நேரம் தாருங்கள். பெற்றோர் இசைவு தாருங்கள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் இம்முகாம் நடந்தேற வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!