கைவினை கைத்தொழிலாகும்போது: விலையும் சட்டப் பொறுப்பும்



யாழ்ப்பாணத்தில் பன்னவேலை என்னும் சொல்லை அறியாதவர் அரிது. பனையோலையால் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைப்பது பல குடும்பங்களுக்குப் பொழுதுபோக்காக அன்றி வீட்டு வரவாகவே இருந்தது. மொன்றியலில் குடியேறிய குடும்பங்களிடம் அக்கைப்பழக்கம் வேறு உருவங்களில் தொடர்கின்றது. சேலைச் சட்டையில் ஆரி வேலை, திருமண மாலை, பட்டுநூல் வளையல், கையால் வார்த்த சவர்க்காரம் எனப் பலவும் வீடுகளில் உருவாகின்றன. முதலில் உறவினர் பாராட்டுவர். பின்னர் ஒருவர் விலை கேட்பார். அக்கேள்விக்கு ஆயத்தமாக இருப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

இந்நகருக்கு இம்முயற்சி புதிதன்று. அலிஸ் பெக், மே பிலிப்ஸ் ஆகிய இருவரின் முயற்சியால் 1902ஆம் ஆண்டில் மொன்றியலில் ஒரு கைவினைக் கடை திறக்கப்பட்டது. வீடுகளில் நெய்தவற்றையும் தைத்தவற்றையும் விற்பதே அதன் பணி. 1906ஆம் ஆண்டில் அம்முயற்சி கனடியக் கைவினைச் சங்கமாகச் சட்டப்படி நிறுவப்பட்டது. ருஷியாவிலிருந்து வந்து குடியேறிய டுகோபோர் பெண்களின் கைவேலையும் அதன்வழி வாங்குவோரைச் சென்றடைந்தது. 1949ஆம் ஆண்டில் இனுயிட் மக்களின் சிற்பங்களை அச்சங்கம் விற்பனைக்கு வைத்தபோது அவை சில நாள்களிலேயே விற்றுத் தீர்ந்தன. அந்நிறுவனம் லா கில்ட் என்னும் பெயரில் ஷேர்புரூக் வீதியில் இன்றும் இயங்குகின்றது. குடியேறியவரின் கைவேலை இரக்கத்துக்காக அன்றித் தரத்துக்காக வாங்கப்படலாம் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

தரத்துக்கு ஏற்ற விலையைக் கேட்கத் தயங்குவதே பலரின் முதல் இடர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சட்டைக்குத் துணி, நூல், மணி ஆகியவற்றுக்கு 22 டொலர் செலவாகின்றது. வேலைக்கு ஆறு மணித்தியாலம் செல்கின்றது. சந்தைக் கூடத்தின் வாடகையில் அதன் பங்கு 12 டொலர். "தெரிந்தவர்தானே" என்று 60 டொலருக்குக் கொடுத்தால் எஞ்சுவது 26 டொலர். மணித்தியாலத்துக்கு நான்கு டொலர் சொச்சமே உழைப்பின் கூலி. மணித்தியாலத்துக்கு 17 டொலர் எனக் கணக்கிட்டால் சட்டையின் விலை 136 டொலராகும். அவ்விலைக்கு வாங்குவோர் இல்லையெனில் வடிவத்தை எளிமையாக்கலாம், அல்லது வேறு பொருளைத் தேரலாம். உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்குவது மட்டும் வழியன்று.

அடுத்தது பதிவு. முதற்பெயரும் குடும்பப்பெயரும் முழுமையாக இடம்பெறும் பெயரில் தனியொருவர் வணிகம் செய்தால், பொதுவாகப் பதிவு கட்டாயமன்று. "மாலதி கைவண்ணம்" போன்ற வேறு பெயரைச் சூட்டினால், தொழில் தொடங்கிய 60 நாள்களுக்குள் கியூபெக் நிறுவனப் பதிவாளரிடம் பதிவுசெய்தல் வேண்டும். அப்போது பத்து இலக்க நிறுவன எண் ஒன்று வழங்கப்படும். பெயரும் பொருளின் மேலுள்ள எழுத்துகளும் 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்துக்கு இணங்க வேண்டும். தமிழ்ப்பெயர் வைக்க விரும்புவோர் சுட்டிகளை அச்சிடுவதற்கு முன்னரே இதனை விசாரித்து அறிவது நன்று.

வரி குறித்துத் தவறான நம்பிக்கை ஒன்று நிலவுகின்றது. 30,000 டொலர் வரை எதையும் அறிவிக்க வேண்டியதில்லை என்பதே அது. அத்தொகை விற்பனை வரிக்கு மட்டும் உரியது. தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால், 5 வீதக் கூட்டாட்சி வரியையும் 9.975 வீதக் கியூபெக் வரியையும் அறவிட்டுச் செலுத்துவதற்குப் பதிவுசெய்ய வேண்டும். வருமான வரிக்கு அத்தகைய எல்லை இல்லை. முதல் டொலரிலிருந்தே வணிக வருமானத்தை அறிவிக்க வேண்டும். சுயதொழில் செய்வோர் படிவத்தை யூன் 15ஆம் திகதி வரை அனுப்பலாம். ஆயினும் செலுத்த வேண்டிய வரிக்கு ஏப்ரல் 30ஆம் திகதியே கடைசி நாள். பற்றுச்சீட்டுகளை ஆறு ஆண்டுகள் பேண வேண்டும். சமூக உதவியோ வேலையிழப்புக் காப்புறுதியோ பெறுவோர் இவ்வருமானத்தை உரிய அலுவலகத்துக்கும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். மறைத்துப் பெற்ற உதவியைப் பின்னர் திருப்பிச் செலுத்த நேரும்போது, சிறு இலாபம் பெருங்கடனாக மாறிவிடும்.

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருந்து விற்பவரையும் கட்டுப்படுத்தும். அறிவித்த விலைக்கு மேல் கேட்கலாகாது. பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். "உத்தரவாதம் இல்லை" என்று எழுதிவைப்பதால் இப்பொறுப்பு நீங்காது. தொலைபேசியிலோ இணையத்திலோ விற்கும்போது, கடனட்டைவழிச் செலுத்துதல் தவிர, பொருளை ஒப்படைக்கும் முன் முற்பணம் பெறுவதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. இணக்கம் கண்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பொருள் சேராவிடில், வாங்கியவர் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். அவ்வாறு செய்தால், 15 நாள்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆதலால், திருமணக் காலத்தில் முடிக்க இயலாத வேலைக்கு நாள் குறிக்காதிருத்தல் நலம்.

பொருளுக்குப் பொருள் விதிகள் வேறுபடும். சவர்க்காரமும் முகப்பூச்சும் முதல் விற்பனை நிகழ்ந்த 10 நாள்களுக்குள் கனடா சுகாதார அமைச்சுக்கு அறிவிக்கப்பட வேண்டும். 15 வயதுக்குட்பட்ட சிறுவருக்கான நகைகளில் ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் உச்ச அளவுகள் விதிக்கப்பட்டுள்ளன. மலிவான உலோக மணிகளை வாங்குவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். தைத்த ஆடைகளில் நூலிழையின் வகையை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் குறித்தல் வேண்டும்.

வீட்டில் தொழில் நடத்துவதற்கான விதிகள் மொன்றியலின் 19 நகரக் கூறுகளிலும் ஒன்றல்ல. சில இடங்களில் பயன்பாட்டுச் சான்றிதழ் தேவைப்படும். வாடகை வீட்டில் வாழ்வோர் தமது வாடகை ஒப்பந்தத்தையும் வாசித்தல் வேண்டும். வீட்டுக் காப்புறுதி வணிகப் பொருள்களை உள்ளடக்குகின்றதா என்றும் கேட்டறிக.

எல்லாக் கைவினையும் வணிகமாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாலை நேரத்தில் மனத்துக்கு ஆறுதல் தரும் வேலை, தவணைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக மாறுவதைச் சிலர் விரும்பமாட்டார். ஆயினும் விற்க முடிவுசெய்தவர், மூன்று மாதங்களுக்கு வரவு, செலவு, செலவான நேரம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவருவாராக. தொடர்வதா நிறுத்துவதா என்பதை உறவினரின் பாராட்டைவிட அக்கொப்பியே தெளிவாகக் கூறும். ஐயம் எழுந்தால் தமது நகரக் கூற்று அலுவலகத்தையும் உரிய அரச அலுவலகங்களையும் தொடக்கத்திலேயே அணுகுவது சாலச் சிறந்தது.