இரவல் பெயரில் ஒரு நீண்ட பாட்டு வாழ்க்கை

பாப் இசையின் வரலாற்றை எழுதுவோர் 1967ஆம் ஆண்டைப் பெரும்பாலும் பீட்டில்ஸ் குழுவின் ஆண்டாகவே காட்டுகின்றனர். ஆனால் அவ்வாண்டில் பிரிட்டனில் மிகுதியாக விற்பனையான ஒற்றைப்பாடல் தட்டு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாடலாக மலிவு விலையில் வெளிவந்த சிறிய இசைத்தட்டு, பீட்டில்ஸ் பாடியதன்று. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் முப்பது வயதுப் பாடகர் ஒருவர் பாடிய ‘ரிலீஸ் மீ’ என்பதே அது. இளைஞர் நாகரிகத்தோடு ஒட்டாமல் நின்றதனாலேயே, மாறிமாறி வந்த நாகரிகங்கள் பலவற்றையும் தாண்டி நிலைத்தவர் அவர்.

ஆர்னல்ட் ஜார்ஜ் டோர்சி என்பது அவருடைய இயற்பெயர். பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியாற்றிய தந்தைக்குப் பத்துப் பிள்ளைகளுள் ஒருவராக, 1936 மே 2ஆம் நாள் சென்னையில் பிறந்த அவர், இந்தியா விடுதலை பெறும் தறுவாயில், பத்து வயதளவில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடும்பத்தோடு குடியேறினார். காலுறைக்கும் காலணிக்கும் பேர்போன அத்தொழில் நகரில் சாக்ஸபோன் பயின்ற இளைஞர், பதினேழு வயதையொட்டி ஒரு மதுக்கூடப் போட்டியில் மேடையேறியபோது, ஜெர்ரி லூயிஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகரைப் போலவும் நடித்துக் காட்டினார். அதனால் நண்பர்கள் ஜெர்ரி என்று அழைக்கத் தொடங்க, ஜெர்ரி டோர்சி என்பதே அவரது மேடைப் பெயராயிற்று. அந்தப் பெயரில் அவர் பல ஆண்டுகள் பாடியும் பெரிய வெற்றி எதுவும் கிட்டவில்லை. இடையே கட்டாயப் படைப்பணி வந்தது. 1961இல் காசநோய் தாக்கியதால் பாட்டையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது.

1965இல் நிலைமையை மாற்றியவர் கார்டன் மில்ஸ். முன்னர் இப்பாடகரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மில்ஸ், அப்போது மேலாளராக, அதாவது கலைஞரின் ஒப்பந்தங்களையும் பொதுத் தோற்றத்தையும் வகுப்பவராக, வளர்ந்திருந்தார். தாமஸ் உட்வர்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாடகரை ‘டாம் ஜோன்ஸ்’ ஆக்கியவரும் அவரே. டோர்சிக்கு அவர் சூட்டிய பெயர், ‘ஹான்சல் உண்ட் கிரேட்டல்’ என்னும் இசைநாடகத்தை இயற்றி 1921இல் மறைந்த ஜெர்மானிய இசையமைப்பாளருடையது. ஆங்கிலேயர் நாவுக்கு எளிதில் படியாத அந்தப் பெயர், ஒருமுறை கேட்டவரை மறுமுறையும் சொல்லிப் பார்க்கத் தூண்டியது. மில்ஸின் கணக்கும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். இசையமைப்பாளரின் குடும்பத்தார் மறுப்புத் தெரிவித்தமையால், ஜெர்மனியில் மட்டும் பாடகர் இன்றளவும் வெறும் ‘எங்கல்பர்ட்’ தான்.

‘ரிலீஸ் மீ’ புதிதாக எழுதப்பட்டதன்று. 1940களில் பிறந்து, கண்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சார்பு இசை பாடுவோர் பலர் பாடிப் பழகிய பாடல் அது. ஹம்பர்டிங்கின் பதிவு வெளிவந்த வேளையில், நோய்வாய்ப்பட்ட வேறொரு பாடகருக்கு மாற்றாக, ‘சண்டே நைட் அட் தி லண்டன் பலேடியம்’ என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. நாடெங்கும் பார்க்கப்பட்ட அந்நிகழ்ச்சிக்குப் பின், தட்டின் விற்பனை கட்டுக்கடங்காமல் பெருகியது. கடைகளில் வாரந்தோறும் விற்கும் தட்டுகளைக் கணக்கிட்டு வெளியிடப்படும் தரவரிசையில் அது 6 வாரம் முதலிடத்தில் நின்றது; முதல் ஐம்பது இடங்களுக்குள் தொடர்ந்து 56 வாரம் இருந்தது. 1963 முதல் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடத்தைப் பிடித்துவந்த பீட்டில்ஸ், ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’ ஆகிய இரண்டையும் ஒரே தட்டில் தந்தும் இரண்டாம் இடத்தோடு நிற்க நேர்ந்தது. இதைச் சுவைக்கேட்டின் வெற்றியாகச் சித்திரிக்கும் விமர்சகர்கள் உண்டு. ஆனால் தட்டு வாங்கியோர் அனைவரும் பதின்வயதினர் அல்லர். போருக்கு முன் பிறந்து, வீட்டில் தொலைக்காட்சி பார்த்து, மறுநாள் கடைக்குப் போன நடுவயதினரும் அதே கணக்கில் அடங்குவர் என்பதையே அந்தத் தரவரிசை காட்டியது.

அதே ஆண்டில் வந்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ ஐந்து வாரம் முதலிடம் பெற்று, பிரிட்டனிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இருவர் இணைந்து ஆடும் நடனம். ராக் இசைக்கு முந்திய நடனக்கூட நினைவுகளை அது தட்டியெழுப்பியது. தாழ்ந்த குரலில் மென்மையாகத் தொடங்கி, வயலின் கூட்டத்தின் மீதேறி, முழுக்குரலில் முடிப்பது அவருடைய முறை. ஒலிவாங்கியை நெருங்கி மெல்லப் பாடுவோரைக் குறிக்கும் ‘குரூனர்’ என்ற அடைமொழியை அவர் விரும்பாததில் நியாயம் உண்டு. அவ்வகையினர் குரலை அடக்குபவர்கள், இவரோ உச்சத்தில் திறந்துவிடுபவர். ‘ரிலீஸ் மீ’யின் மறுபக்கத்தில் இருந்த ‘டென் கிட்டார்ஸ்’ என்ற எளிய பாடலோ, பிரிட்டனில் மறக்கப்பட்டு, நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கூடிப் பாடும் விருந்துப் பாட்டாக நிலைபெற்றுவிட்டது. எழுபதுகளில் பிரிட்டனில் விற்பனை தளர்ந்தபின், அவர் அமெரிக்காவையும் லாஸ் வேகஸ் விடுதி அரங்குகளையும் நம்பினார். 1976இல் வந்த ‘ஆஃப்டர் தி லவ்வின்’ அங்கே முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது.

1964இல் அவர் மணந்த பெட்ரீஷியா, வறுமையில் கைபிடித்தவர். நான்கு பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாம்பத்தியம், கணவருக்குப் புகழ் வந்தபின் பலமுறை சோதனைக்குள்ளாயிற்று. தம் பிறழ்வுகளை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர்கள் பிரியவில்லை. நினைவைச் சிறிது சிறிதாக அழிக்கும் அல்சைமர் நோய் பெட்ரீஷியாவைப் பற்றியதை 2017இல் அவர் உலகுக்கு அறிவித்தார். கோவிட் தொற்றுக்குப் பின், 2021 பிப்ரவரியில் அவர் மனைவி மறைந்தார்.

இதற்கிடையே 2012இல், ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் பாடலால் போட்டியிடும் யூரோவிஷனுக்குப் பிரிட்டன் தன் சார்பாக 76 வயதான அவரையே பாகு நகருக்கு அனுப்பியது. முதலாவதாகப் பாடிய அவர் 26 பேருள் 25ஆம் இடம் பெற்றார். முதுமையே காரணம் என்றால், அதே போட்டியில் ரஷ்யக் கிராமத்துப் பாட்டிமார் இரண்டாம் இடம் பெற்றது எப்படி என்று விளங்காது. 2021இல் இசைப்பணிக்காக எம்.பி.இ. என்னும் அரச விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு, மார்வெல் நிறுவனத்தின் ‘மூன் நைட்’ தொடரில் அவருடைய 1968ஆம் ஆண்டுப் பாடலாகிய ‘எ மேன் விதவுட் லவ்’ ஒலித்தபோது, அவர் பெயரையே கேள்விப்பட்டிராத இளைஞர்கள் இணையத்தில் அந்தப் பாடலைத் தேடிச் சென்றனர். எண்பத்தாறாம் வயதை எட்டவிருந்த அவரோ மேடைக் கச்சேரிகளை அப்போதும் விட்டிருக்கவில்லை.