இரண்டு அசரீரிகள்

(திருநகரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "இன்றைய பெண்ணின் அழகுக்கு அளவுகோல் வைத்திருப்பது வீடா? ஊடகமா?" 'ஊடகமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் அமர்ந்து, என்னை எந்த இடத்தில் மடக்கலாம் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! திருநகர் முதல் ஸ்டாப்பிலிருந்தும் மூணாவது ஸ்டாப்பிலிருந்தும், ஹார்விபட்டியிலிருந்தும், திருப்பரங்குன்றத்திலிருந்தும் அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் ஓடி வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

ஐயா, எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு பெரிய கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார். "டி.வி. வர்றதுக்கு முன்னாடியே, மாசமா இருக்கிற மருமகளுக்குக் குங்குமப்பூப் பால் கலக்கிக் கொடுத்த மாமியார் இருந்தாளா இல்லையா? புள்ள செவப்பாப் பொறக்கணும்னு நெனச்சது வீடுதானே?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்னது உண்மை! (சிரிப்பு)

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அந்த மாமியார் குங்குமப்பூவை எதுவரைக்கும் கொடுத்தாள்? பிரசவம் வரைக்கும். பிறந்த பிள்ளை கருப்பாக இருந்தால் என்ன செய்தாள்? "அப்பன் ஜாடை அப்படியே இருக்கு"ன்னு மகன் மேல பழியைப் போட்டாள். (சிரிப்பு) "கருப்பே அழகு, காந்தலே ருசி"ன்னு சொல்லி, எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, நெத்தியில பொட்டும் கன்னத்துல திருஷ்டிப் பொட்டும் வச்சுத் தூக்கிக்கிட்டாள். அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சு போச்சு.

வீட்டுக்கு ஓர் ஆசை இருந்தது ஐயா. நான் மறுக்கவில்லை. ஆசை வேறு, அளவுகோல் வேறு. வீடு கருப்பை விதி என்று சொன்னது. விளம்பரம் வந்து அதைக் குறை என்று சொன்னது. விதிக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. குறைக்கு வெட்கப்படணும்; சரி பண்ணணும்; சரி பண்ணக் காசு கொடுக்கணும். மாமியார் கையில் குங்குமப்பூ இருந்தது. மாதாமாதம் காசு வாங்குகிற வித்தை மாமியாருக்குத் தெரியாதே!

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' படம் வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். பாகவதர் பாட்டுக்கு ஒரு கூட்டம் என்றால், டி.ஆர். ராஜகுமாரிக்கு ஒரு கூட்டம். அந்த அம்மா செக்கச் செவேல் என்று இருந்தவர் அல்ல, மாநிறம்தான். தமிழ்நாடே 'கனவுக் கன்னி' என்று கொண்டாடியது. குங்குமப்பூப் பால் கொடுத்த அதே வீட்டுச் சனங்கள்தானே தியேட்டருக்குப் போய் அந்த அம்மாவை ரசித்தார்கள்? அப்போ நம்ம சனத்தோட கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு!

பிறகு என்ன ஆனது? கதாநாயகன் கருப்பாக இருக்கலாம். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாரே ரஜினிகாந்த், அவர் நிறத்தை யாராவது குறை சொன்னோமா? "என்னா ஸ்டைலு!" என்றோம். நம்ம மதுரைக்காரர் விஜயகாந்துக்குக் 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' என்று பட்டமே கொடுத்தோம். சரி, இவர்களுக்கு ஜோடி? அது மட்டும் பம்பாயிலிருந்து விமானத்தில் வரணும்! தமிழ் தெரிய வேண்டாம், நிறம் இருந்தால் போதும். பேசுறதுக்குத்தான் வேற ஆள் இருக்காங்களே!

யார் அந்த வேற ஆள்? சரிதாவை நினைத்துப் பாருங்கள். 1981-ல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் அந்தக் கருத்த முகத்தையும் அந்தக் கண்களையும் மறக்க முடியுமா? அப்பேர்ப்பட்ட நடிகை, எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். திரைக்கு முன்னால் சிவந்த முகம், திரைக்குப் பின்னால் கருத்த பெண்ணின் குரல். ஆணுக்குக் கருப்பு கம்பீரம், பெண்ணுக்குக் கருப்பு குறை. ஒரே கடையில் இப்படி இரண்டு தராசு வைத்தது யார் ஐயா? அந்த வெள்ளித்திரைதான். (கைதட்டல்)

1994-ல் என்ன நடந்தது? ஒரே ஆண்டில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெண்களின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் 1996 நவம்பரில் உலக அழகிப் போட்டியே பெங்களூருக்கு வந்தது. அதை எதிர்த்து நம்ம மதுரையில் ஒரு வாலிபர் தீக்குளித்து உயிரை விட்டார். உயிரை விடுவது எதற்கும் வழியாகாது. அதைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை போய்விட்டானே என்ற துக்கத்தோடு சொல்கிறேன். போட்டி நின்றதா? நீச்சல் உடைப் பகுதியை மட்டும் செஷல்ஸ் தீவுக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பெங்களூரிலேயே நடத்தி முடித்தார்கள். வீடு தடுத்துப் பார்த்தது, முடியவில்லை. இதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு இந்தியக் கடைகளுக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.வி.யில் அதற்கு ஒரு விளம்பரம் ஓடியது. வீட்டில் வருமானம் பத்தவில்லை. அப்பா பெருமூச்சு விடுகிறார், "எனக்கு ஒரு மகன் இருந்திருந்தா..." மகள் காதில் விழுகிறது. பாவம், அவளும் வேலைக்குப் போகிற பெண்தான். என்ன செய்கிறாள்? மேலே படிக்கிறாளா? பரீட்சை எழுதுகிறாளா? பூச்சைப் பூசுகிறாள். சிவப்பாகிறாள். விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. அப்பா முகத்தில் சிரிப்பு வருகிறது. அரை நிமிஷத்தில் ஒரு குடும்பமே கரை சேர்ந்துவிட்டது!

இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். வேறெங்கும் இல்லை, நம்ம ஊர்க் கதைதான்! மலையத்துவச பாண்டியன் மகன் வேண்டும் என்று யாகம் செய்தான். வேள்வித் தீயிலிருந்து வந்தது மூன்று வயதுப் பெண் குழந்தை. அதுவும் மூன்று தனங்களோடு. ராஜா கலங்கிப் போனான். கேட்டது மகன், வந்தது மகள்; அவளும் ஊர் சிரிக்கிற மாதிரி ஓர் உடம்போடு வந்தாளே என்று. அப்போது வானத்திலிருந்து அசரீரி கேட்டது. என்ன சொன்னது? "இதைத் தேய்ச்சு விடு, ஆறு வாரத்துல குறை போயிரும்"னா சொன்னது? (சிரிப்பு) மகனுக்குச் செய்கிற சடங்கெல்லாம் இவளுக்குச் செய், தடாதகை என்று பெயர் வை, முடி சூட்டு என்றது. உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, கணவனைக் கண்டதும் அது தானாக மறையும் என்றது. அவளும் வில்லெடுத்துத் திக்விஜயம் போனாள். அவள்தான் நம்ம மீனாட்சி!

அவள் நிறம் என்ன? மரகதப் பச்சை! சித்திரை மாதம் திருக்கல்யாணம் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறோமே, எந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க? பச்சை மேனிப் பெண்ணின் கழுத்தில்! "பொண்ணு கலர் கம்மி"ன்னு மாப்பிள்ளை வீட்டார் யாராவது எழுந்து போனாங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டு அப்பாக்களுக்கும் கவலை ஒன்றுதான் ஐயா. அன்றைக்கு வானத்திலிருந்து ஓர் அசரீரி, அவள் கையில் வில்லைக் கொடுத்தது. இன்றைக்குப் பெட்டியிலிருந்து ஓர் அசரீரி, அவள் கையில் டியூபைக் கொடுக்கிறது.

இந்த ஊரில் நின்று இதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுபோகிறது. உசிலம்பட்டி இங்கேயிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பெண்ணாகப் பிறந்ததற்காகவே சிசுக்கள் கொல்லப்பட்டதை 1986-ல் பத்திரிகைகள் எழுதி, நாடே அதிர்ந்தது. 1992-ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. "மகனா இருந்திருக்கக் கூடாதா" என்ற பெருமூச்சு என்ன செய்யும் என்று பார்த்த மண் இது. அந்தப் பெருமூச்சு வீட்டில் பிறந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஆற்ற வேண்டிய பெட்டி, அதையே முதலாகப் போட்டு யாவாரம் பண்ணுச்சே, அது நியாயமா?

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்தது. 2003-ல் மத்திய அரசு நோட்டீஸ் அனுப்பியது; விளம்பரம் வாபஸ் ஆனது. கருப்பாக இருக்கிறவர்களை வேலை கிடைக்காதவர்களாக, கல்யாணம் ஆகாதவர்களாகக் காட்டக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையின் தரக் கவுன்சிலே விதி செய்தது. 2020-ல் பூச்சின் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. 45 வருஷம் காதில் ஓதிவிட்டுப் பேரை மாத்தினா, ஓதினது மறந்துபோயிருமா?

ஆம்பளைகள் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க! 2005-ல் உங்களுக்கும் தனியாக ஒரு பூச்சு வந்தது. 2008-ல் 'வாரணம் ஆயிரம்' வந்தபின் வயிற்றிலும் கட்டம் போடணும் என்று ஆயிற்று. அதுவரைக்கும் தொப்பை என்பது வசதியான வீட்டுப் பிள்ளை என்பதற்கு அத்தாட்சி! (சிரிப்பு)

இது வேடிக்கையோடு போனால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் நின்று பாருங்கள். மணப்பெண்ணுக்கு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அது சாயங்காலம் கழுவினால் போய்விடும். போகாத பூச்சும் இருக்கிறது. சிவப்பாக ஆசைப்பட்டு, டாக்டரைக் கேட்காமலே ஸ்டீராய்டு களிம்பை வாங்கி மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, வெயிலில் எரிந்து தவிக்கிற பெண்கள் எத்தனை பேர்! 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை விசாரித்தபோது, பாதரசம் கலந்த சிவப்பழகுப் பூச்சுகளைப் பூசியது தெரிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நிற்கிறது ஐயா! குங்குமப்பூப் பால் யார் சிறுநீரகத்தையும் கெடுக்கவில்லையே!

எதிரணிச் சகோதரி அடுத்து வந்து, "நல்லது செய்ற ஊடகமும் இருக்கே" என்று சொல்லக்கூடும். இருக்கிறது. 2015-ல் 'பிரேமம்' படத்தில் சாய் பல்லவி முகப்பருவோடு வந்தார், பிள்ளைகள் கொண்டாடினார்கள். 2019-ல் சிவப்பழகுப் பூச்சு விளம்பரத்தில் நடிக்க அவர் மறுத்தார். 2 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனையோ வீட்டில் எத்தனையோ தாய்மார்கள் "உனக்கென்னடி குறைச்சல்"னு மகளிடம் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. ஒரு நடிகை சொன்னபோது எடுபட்டது. இதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி! கெடுத்தாலும் ஊடகம், திருத்தினாலும் ஊடகம். கோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே அளக்க முடியும்?

நடுவர் அவர்களே! முன்பு பெட்டி கூடத்தில் இருந்தது, எழுந்து போய் அணைக்கலாம். இன்றைக்கு அது பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கிறது. படம் எடுத்தால் கேட்காமலே முகத்தை வெளுத்துக் கொடுக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் தெரிகிற சொந்த முகம் அந்நியமாகிப் போகிறது. மகளைப் பற்றி அந்த அசரீரி பேசுவதற்கு முன்னால் நாம் பேசிவிட வேண்டும் என்று இங்கே இருக்கிற தாய் தகப்பன்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இன்றைய தேதிக்கு முந்திக்கொண்டு பேசுவது ஊடகம்தான், அளவுகோல் அதன் கையில்தான் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என நடுவர் ஐயாவைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)