புதுத் துவக்கு



வன்னியிலே ஒரு வீட்டுக்குத் துவக்கு வருகின்றது என்றால் அது சிறிய செய்தி அன்று. மாங்குளத்தில் எங்கள் பாடசாலைக்கு அண்மையில் வயல் செய்கின்ற ஒருவர், முன்னொரு காலத்தில் என்னிடம் வரலாறு படித்தவர், பயிர்க்காவலுக்கென அரச உத்தரவு பெற்று இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை வாங்கிவந்தார். 12 போர்த் துவக்கு. போர் என்றதும் எங்கள் ஊரார் திடுக்கிடுவர். இங்கே அது யுத்தமன்று, குழலின் துளைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அது 12 போர்.

"இன்றிரவே காவலுக்குக் கொண்டுபோகிறேன், சேர்" என்றார்.

"தம்பி, அது எங்கே சுடும் என்று தெரியுமா?"

"நான் பிடிக்கிற இடத்திலே சுடும்."

"அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்" என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் சிறுவயதில், 1970களில், எங்கள் வீட்டில் இடியன் துவக்கு ஒன்று இருந்தது. வாய்வழியே மருந்தையும் ஈயத்தையும் இட்டு இடிப்பதனால் அதற்கு அப்பெயர். ஊர்க் கொல்லர் செய்த அந்தத் துவக்கை என் தகப்பனார் முதன்முறை தோளில் வைத்துச் சுடவில்லை. மரத்தோடு இறுகக் கட்டி, விசையில் நீண்ட கயிற்றைப் பிணைத்து, வேறொரு மரத்தின் பின்னே நின்று இழுத்தார். குழல் வெடித்தால் மரத்தோடு போகட்டும் என்பது அவர் எண்ணம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1813ஆம் ஆண்டு சட்டம் இயற்றி ஒரு சோதனைச் சாலையே நிறுவினார்கள். அங்கே புதுக் குழல்களை வழக்கத்திலும் மிகுந்த மருந்திட்டு வெடிக்கச் செய்து, தாங்கியவற்றுக்கே முத்திரை குத்துவர். என் தகப்பனாருடைய முறையும் அதே நியாயத்தில் எழுந்ததுதான்.

1980களின் குழப்பத்தில் அத்தகைய துவக்குகள் பெரும்பாலும் வீடுகளை விட்டு நீங்கின. அவற்றோடு, அவற்றைக் கையாளும் பழக்கமும் போயிற்று. பின்னர் வந்த துவக்குகள் வேறு வகையானவை. அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின் மக்கள் மீண்டுவந்து காடு மூடிய வயல்களைத் திருத்தியபோது, பன்றியும் குரங்கும் அவர்களுக்கு முன்பே குடியேறியிருந்தன. ஒரே இரவில் ஒரு பன்றிக் கூட்டம் உழக்கிய நெல்வயலைக் கண்டவர்கள், துவக்கு வேண்டும் என்பவரைக் குறைகூற மாட்டார்கள். உத்தரவில்லாத சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். பன்றியின் பாதையிலே கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, வீட்டில் நித்திரை கொள்வது. அந்தக் கம்பிக்குப் பன்றியின் கால் எது, விறகுக்குப் போனவன் கால் எது என்று தெரியாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவு பெற்றுத் தன் கையில் துவக்கை வைத்திருப்பவர் அந்த வகையில் எவ்வளவோ மேல்.

இனி, எங்கே சுட்டுப்பார்ப்பது? எங்கள் பக்கத்திலே பொதுமக்களுக்கென்று சூட்டுப் பயிற்சித் திடல் இல்லை. குளக்கட்டை நோக்கிச் சுடலாம் என்றார் நண்பர். குளக்கட்டுக்கு அப்பால் குளிக்கின்றவர் இருப்பர். நீரில் பட்ட ஈயம் தெறித்து எழும் என்று மறுத்தேன். காட்டோரத்தில் புதிதாக இடம் தேடவும் மனம் ஒப்பவில்லை. கண்ணிவெடி கிடந்த மண்ணிலே, முன்பு கால் படாத இடத்தில் கால் வைக்க நாங்கள் இன்னும் தயங்குகின்றோம். முடிவிலே, வீதி வேலைக்காக இயந்திரங்கள் தோண்டிவிட்டுப்போன கிரவல் கிடங்கு ஒன்றைத் தெரிந்தோம். இரண்டாள் உயரத்துக்கு மண்சுவர் பின்னே நின்றது. பொலிசாருக்கு அறிவித்தோம். மாணவர் மூலமாக வீடுகளுக்கும் மூன்று நாள் முன்னரே சொல்லியனுப்பினேன்.

நான்கடிச் சதுரமாகப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிச் சட்டத்தில் அறைந்து, 40 கஜ தூரத்தில் நிறுத்தினோம். நடுவே ஒரு புள்ளி. அதைக் குறிவைத்து ஒரு வெடி. பின்பு துளைகள் மிக நெருங்கிய இடத்தை மையமாகக்கொண்டு 30 அங்குல விட்டமுள்ள வட்டம் கீறி, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுவது. சிறுசன்னத் துவக்கைச் சோதிக்கும் வழக்கமான முறை இதுவே. குழலின் வாய் ஒடுங்காதிருந்தால் நூற்றுக்கு 40 அளவும், நன்கு ஒடுங்கியிருந்தால் 70 அளவும் வட்டத்துள் விழும்.

4ஆம் இலக்கத் தோட்டாவில் ஏறத்தாழ 190 சன்னங்கள். வலக்குழல் 83ஐ உள்ளே போட்டது. இடக்குழல் 128 போட்டது. ஆனால் அதன் கூட்டம் புள்ளிக்கு ஒரு சாண் இடப்புறமாக விழுந்தது. நண்பர் தாளையும் துவக்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பன்றிக்கென வாங்கிய எஸ்.ஜி. தோட்டா. அதனுள் பெரிய குண்டுகள் ஒன்பதே. நான்கு வட்டத்துள் இருந்தன. மூன்று தாளின் ஓரத்தில். இரண்டு தாளிலேயே இல்லை.

"அந்த இரண்டும் எங்கே, சேர்?" என்றார்.

மண்சுவரில் இருந்தன. வயலிலே மண்சுவர் ஏது? ஜூர்னே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி வகுத்த கணக்கு ஒன்றுண்டு. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால், அது செல்லக்கூடிய மிகக்கூடிய தூரம் ஏறத்தாழக் கஜத்தில் வரும். எஸ்.ஜி. குண்டின் விட்டம் 0.33 அங்குலம். கிடங்கின் மணலிலே குச்சியால் பெருக்கிக் காட்டினேன்: 726 கஜம். அவர் வயல் வரம்பிலிருந்து எங்கள் விளையாட்டு மைதானம் அவ்வளவு தூரமில்லை. அவர் பிள்ளைகள் இருவரும் எங்கள் பாடசாலையில்தான் படிக்கின்றனர். கணக்கைத் தாமே இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தார்.

பிற்பகல் திரும்பிவருகையில் ஒரு வீட்டு வாசலில் சிலர் கூடிநின்றனர். தனியே வாழும் மூதாட்டி ஒருவர், முதல் வெடி கேட்டதும் அடுப்பில் உலையை விட்டுவிட்டு, கட்டிலின் கீழே நிலத்தோடு படுத்துக்கொண்டாராம். நாங்கள் போனபோதும் எழுந்திருக்கவில்லை. அயலார் சொல்லியும் நம்பவில்லை. மாணவர் மூலம் சொல்லியனுப்பினேன் என்றேனல்லவா? அந்த வீட்டில் மாணவர் எவரும் இல்லை. அது எனக்குத் தோன்றாமற் போயிற்று. 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த எங்கள் பிள்ளைகள் அன்று வெடியோசை கேட்டு வேலியோரம் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். அதே ஓசைதான் அந்த அம்மாவுக்கும் கேட்டது.

நண்பர் துவக்கை என்னிடம் தந்துவிட்டு உள்ளே சென்றார். நிலத்திலே அவரருகில் அமர்ந்து, "அம்மா, நான்தான் சுட்டது, பன்றிக்கு, அம்மா" என்று பலமுறை சொன்னார். நெடுநேரத்தின் பின் அவர் எழுந்து முதலில் உலையைத்தான் பார்த்தார். சோறு தீய்ந்துபோயிருந்தது.

அடுத்த கிழமை நண்பர் வயல் நடுவே உயரமாக ஒரு பரண் கட்டினார். மேலிருந்து சுட்டால் ஈயம் நிலத்திலே புதையும். பரணைச் சுற்றி 25 கஜத்தில் வெள்ளைத் துணி கட்டிய தடிகளை நாட்டினார். அதற்கு அப்பால் நிற்கும் பன்றிக்குத் தகரந்தான். முதல் இரவு பன்றிகள் தடிகளுக்கு வெளியே நின்று மேய்ந்தன என்றும், விடியும்வரை தகரம் தட்டிக் கை வலித்தது என்றும் என்னிடம் முறையிட்டார். காவலுக்குப் போகும் நாட்களில், பொழுது சாயுமுன் அந்த அம்மாவின் படலையடியில் நின்று, "இன்றைக்கு வெடி கேட்கலாம், அம்மா" என்று சொல்லிவிட்டே போகின்றார்.