பதிவேடும் தரவுத்தளமும்

பெருந்தொகையான செய்திகளை ஒழுங்குபடுத்திக் கணினியில் வைத்து, வேண்டும்பொழுது வேண்டியதை மட்டும் எடுத்தளிக்கும் அமைப்பே தரவுத்தளம் எனப்படும். 1981 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகத்திலும் கணினி பயிலும் மாணவர் இத்துறையைக் கற்கின்றனர். பாடநூல்கள் இதனை விளக்குதற்கு ஒரு கடையின் விற்பனைக் கணக்கையோ நூலகத்தின் இரவல் ஏட்டையோ எடுத்துக்கொள்வது வழக்கம். வாவிக்கரை மாணவர்க்கு அவ்வளவு தொலைவு செல்லவேண்டுவதில்லை. அவர்தம் ஊரே அதற்கோர் எடுத்துக்காட்டைப் பெருவிலை கொடுத்துப் பெற்றிருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை இலங்கையின் கீழ்க்கரையைத் தாக்கியது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடலாகக் கிடக்கும் நாவலடி பேரழிவுக்குள்ளாயிற்று. கரையோர ஊர்களில் உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். இத்தகைய வேளையில் முகாமில் ஒருவர் ஒரு பட்டியல் எழுதுவார்; வைத்தியசாலையில் இன்னொருவர் வேறொன்று எழுதுவார்; உறவினரைத் தேடி வருவோர் தருகின்ற பெயர்கள் மூன்றாவது ஏட்டில் ஏறும். தாய் ஓர் ஏட்டிலும் பிள்ளை மற்றோர் ஏட்டிலும் இருக்க, ஒருவரை ஒருவர் இறந்தாரென எண்ணி அழுதல் கூடும்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏட்டில் எழுதிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே. ஆளின் பெயர், ஊர், முகாம், முகாமுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், அவருடைய தொலைபேசி எண் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் இடம்பெறுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். முகாமில் இருநூறு பேர் இருப்பின் உத்தியோகத்தர் பெயரும் இருநூறு முறை எழுதப்பெறும். அவர் மாறியதும் நூற்றுத்தொண்ணூறு வரிகளைத் திருத்திப் பத்தை மறந்தால், ஏடு ஒரே முகாமுக்கு இரு பொறுப்பாளரைக் காட்டும். கடைசி ஆள் வீடு திரும்பி அவர் வரி நீக்கப்பட்டவுடன், அம்முகாம் இருந்ததென்ற செய்தியே மறைந்துபோகும். எவரும் வந்து சேராத புது முகாமை எழுதவோ இடமே இல்லை.

முகாம்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்து, ஆளின் வரியில் முகாமின் எண்ணை மட்டும் குறிப்பதே பரிகாரம். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படவேண்டும் என்னும் இந்நெறியை இயல்பாக்கம் என்பர். மட்டக்களப்பு மக்களுக்கு இது புதிதன்று. இப்பகுதியிற் குடி தாய்வழி வருவது. தாய் இன்னார் என்று தெரிந்தால் பிள்ளையின் குடியைத் தனியே எழுதிவைத்தல் மிகை. எழுதினாற் பிழைக்கே இடமுண்டாகும்.

ஒவ்வொரு வரியையும் ஐயமின்றிச் சுட்டும் குறி முதன்மைச் சாவி எனப்படும். பெயர் அதற்கு உதவாது. ஒரே பெயருடையார் பலர். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தாலும் பலரே. ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதும்போது ஒரு சிவலிங்கம் இரண்டு மூன்று சிவலிங்கங்களாகிவிடுவார். தேசிய அடையாள அட்டை எண் சிறுவர்க்கு இல்லை. பெரியோர் பலரின் அட்டையையும் அலை கொண்டுபோயிற்று. ஆகவே கணினியே புதிதாக ஓர் எண் வழங்கவேண்டும். எண் வழங்கிவிட்டாற் போதுமென்று மாணவர் கருதுவதுண்டு, அது சரியன்று. ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழாமற் காப்பது, எதிரே நிற்பவரிடம் பொறுமையாக விசாரிக்கும் எழுதுநரின் வேலை. எந்திரம் அதைச் செய்யாது.

ஆளின் வரியில் நிற்கும் முகாம் எண் அந்நியச் சாவி எனப்படும். முகாம் அட்டவணையில் இல்லாத எண்ணைக் கணினி ஏற்காது. ஆட்கள் சுட்டிநிற்கும் முகாமை நீக்கவும் விடாது. அவ்வாறே ஒருவரை ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, இரண்டிடத்து எண்ணிக்கையும் சேர்ந்தே மாறவேண்டும்; நடுவில் மின்சாரம் நின்றால் இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும்.

இவ்வமைப்புக்கு அடிகோலியவர் எட்கார் கோட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய அக்கணிதவியலார் 1970 இல் தம் கட்டுரையை வெளியிட்டார். செய்தி கணினியில் எவ்விடத்தில் உள்ளதென்று அறியாமலே, என்ன வேண்டுமென்று மட்டும் கேட்கலாம் என்பது அவர் காட்டிய புதுமை. அவர் கொள்கையைத் தழுவி எழுந்த வினாமொழியே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கணினி வல்லுநர் தன்னார்வமாக ஒன்றுகூடிச் சில வாரங்களுள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டுகோள்கள் என அதன் பதிவுகள் வகுக்கப்பட்டிருந்தன. யாவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ள விடப்பட்ட அது, 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது.

இத்தகைய பதிவேட்டை அமைக்கும் மாணவர் மிகவும் தயங்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. காணாமற்போனவரின் நிலை என்னும் கட்டத்தில் என்ன எழுதுவது? உயிருடன் உள்ளார் என்றோ இறந்தார் என்றோ எழுதச் சான்றில்லை. காணாமற்போனோரின் மரணத்தைப் பதியச் சிறப்புச் சட்டம் ஒன்று 2005 இல் இயற்றப்பட்டது. அதன்படி பதிவு நடக்கும்வரை அக்கட்டம் வெறுமையாகவே நிற்கவேண்டும். வெறுமை என்பது ‘இல்லை’ என்பதன்று, ‘தெரியாது’ என்பதே. இறந்தவர் யாவர் என்று வினவினால் அவ்வரிகள் வாரா. இறவாதவர் யாவர் என்று மாற்றி வினவினாலும் வாரா, ஏனெனில் தெரியாததை எதனோடு ஒப்பிட்டாலும் விடை தெரியாததே. நிலை அறியப்படாதார் யாவர் என்று தனியே ஒரு வினா எழுதினாலன்றி அப்பெயர்கள் திரையில் தோன்றமாட்டா.