அனுமதி கேட்காமல் எழுந்து ஓடட்டும்

(ஒன்றிய அளவிலான பேரிடர் மேலாண்மைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பேரிடர் என்றதும் மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்திலிருந்து "தீ, தீ" என்று சமையலர் அம்மாவின் குரல் கேட்டது. எரிவாயுக் குழாயில் தீப்பிடித்திருந்தது. சமையலறைக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "யாரும் எழுந்திருக்காதீங்க" என்றேன். சொல்லிவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கையை உயர்த்தி, "சார், வெளியே போகலாமா?" என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்து வருவதற்குள் சமையலர் அம்மா ஈரச் சாக்கைப் போர்த்தித் தீயை அணைத்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நேரத்திலும் கை உயர்த்தி அனுமதி கேட்க அவளைப் பழக்கியவன் நான்தானே?

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1977இல் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எரிகிற விமானத்தில் சிலர் இருக்கையை விட்டு எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததைத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திடீர் ஆபத்தில் நம் மனம் ஏற்கெனவே பழகிய ஒரு செயலைத் தேடுகிறது. அது கிடைக்காதபோது பலர் உறைந்துவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோம். அவரோ நம் முகத்தைப் பார்க்கிறார்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஆழிப்பேரலை வந்தபோது இரண்டு ஊர்களில் நடந்ததைச் சொல்கிறேன். இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளியில், நிலநடுக்கத்துக்கும் அலை வந்ததற்கும் இடையே ஏறத்தாழ 50 நிமிடங்கள் இருந்தன. பள்ளிக்குப் பின்னாலேயே மலை. எங்கே போவது என்று உடனே முடிவாகாததால், பிள்ளைகள் மைதானத்திலேயே காத்திருந்தார்கள். மலைக்கு ஏறலாம் என்று சில மாணவர்கள் சொன்னதாகவும் பின்னர் தெரியவந்தது. உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 74 மாணவர்கள், 10 ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படி நின்றவன்தான்.

கமாய்ஷி நகரில் கடலோரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியும் ஒரு தொடக்கப்பள்ளியும் அருகருகே இருந்தன. நடுநிலைப்பள்ளி மாணவர்கள் நிலம் அதிர்ந்ததும் மேட்டை நோக்கி ஓடினார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், அண்ணன்மார் ஓடுவதைப் பார்த்து இறங்கி ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று தெரிந்ததும் இன்னும் மேலே ஏறினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று அந்த இரு பள்ளிகளிலும் இருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். பேராசிரியர் கதாடா அவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவை மூன்றே: வரைபடத்தை மட்டும் நம்பாதே, அந்த நேரத்தில் இயன்ற அளவு முயற்சி செய், நீ முதலில் ஓடு. ஒருவர் ஓடினால்தான் உறைந்து நிற்பவரும் ஓடுவார்.

இப்போது எங்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்துகிறோம். முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஒருநாள் வழிபாட்டுக் கூட்டத்தில், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில். சில நாள் முன்வாசலை வேண்டுமென்றே பூட்டிவைத்து வேறு வழி தேடச் சொல்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் பொறுப்பு. நீண்ட மணி அடித்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் "உட்கார்" என்றாலும் எழுந்து போகலாம். இந்தக் கடைசி விதியை ஏற்க எங்களுக்கே சில மாதங்கள் ஆயின.

சென்ற மாத ஒத்திகையில் மணி அடித்தபோது நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிய வரியை முடித்துவிட்டுத் திரும்பினேன். வகுப்பு காலியாக இருந்தது. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "சார், நீங்கதான் கடைசி."